வாசகர் கேள்வி – பதில்: ரெண்டு மீனோடு ஏன் நிறுத்தச் சொன்னார்கள்?

போன மாதம் தெற்கு இங்கிலாந்துக் கடற்கரையில் ராத்திரி முழுக்கத் தூண்டில் போட்ட அனுபவத்தை எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி சட்டத்தைப் பற்றித்தான் கேட்கின்றன. ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்கள் நிறைய பேர் வார இறுதியில் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போகிறார்கள், ஆனால் எத்தனை மீன், எந்த அளவு, எந்த மாதம் என்று தமிழில் சொல்ல ஆள் இல்லை. அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதும் இதற்கே.

கடலில் தூண்டில் போட லைசன்ஸ் வேண்டுமா? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
(வாசகர், போர்ட்ஸ்மவுத்)

ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, நாட்டுக்கொரு சட்டம். நீங்கள் இருக்கும் இங்கிலாந்தில் கடல் மீனுக்குத் தூண்டில் போட லைசன்ஸ் தேவையில்லை. ஆறு, ஏரி என்றால் வேண்டும், சால்மன் பிடிக்கவும் வேண்டும். பிரான்ஸிலும் கடலுக்கு லைசன்ஸ் இல்லை. ஸ்பெயின், போர்ச்சுகல் போனால் வேண்டும். இத்தாலியில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டால் போதும். டென்மார்க்கில் 18 வயது முதல் ஓய்வூதிய வயது வரை உள்ளவர்கள் ஒரு நாளுக்கோ ஒரு வாரத்துக்கோ ஒரு வருடத்துக்கோ பணம் கட்டி அட்டை வாங்க வேண்டும், அந்தப் பணம் மீன்குஞ்சு விடவும் மீன் ஆராய்ச்சிக்கும் போகிறது, இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஜெர்மனிதான் கடுமை: வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதித் தேறினால்தான் அட்டை. சுற்றுலா போகிறவர்களுக்குப் பால்டிக் கரையோர மாநிலங்களில் குறுகிய கால அட்டை தருகிறார்கள்.

லைசன்ஸ் இல்லை என்றால் கட்டுப்பாடு இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அளவும் எண்ணிக்கையும் எல்லோருக்கும் உண்டு.

ட்ராலர் படகு ஒரே ராத்திரியில் டன் கணக்கில் அள்ளுகிறது. நான் பத்து மணி நேரம் குளிரில் நின்று பிடிக்கும் சீ பாஸ் மட்டும் ரெண்டுக்கு மேல் கூடாது என்றார்கள். இது என்ன நியாயம்?
(வாசகர், சவுத்எண்ட்)

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதில் பாதிக் கணக்குதான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சீ பாஸ் பார்வைக்கு நம்ம ஊர்க் கொடுவா போல இருக்கும், குடும்பம் வேறு. மிக மெதுவாக வளரும் மீன். பெண் மீன் 42 சென்டிமீட்டர் வரும்போதுதான் முதல் தடவை முட்டையிடத் தயாராகிறது, அதற்கு ஆறு வருடம் போல ஆகிவிடும். 2008-க்குப் பிறகு சில வருடங்கள் குஞ்சுகள் சரியாகப் பிழைக்கவில்லை. அதே சமயம் குளிர்காலத்தில் ஆங்கிலக் கால்வாயில் முட்டையிடக் கூடும் கூட்டத்தை, ரெண்டு படகு சேர்ந்து இழுக்கும் பெரிய வலைகள் அப்படியே வாரிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் வரவு நின்றுவிட்டது, இன்னொரு பக்கம் முதலையே எடுத்துச் செலவு செய்கிறோம், எத்தனை நாளைக்குத் தாங்கும்? கடலில் இருந்த தாய் மீன்களின் மொத்த எடை வருடா வருடம் இறங்கியது. விஞ்ஞானிகள் எச்சரித்துக்கொண்டே இருந்தார்கள், நாடுகள் பேசிக்கொண்டே இருந்தன.

கடைசியில் 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் அவசர நடவடிக்கையாக முட்டையிடும் பருவத்தில் அந்த வலைகளை நிறுத்தியது. மார்ச்சில் தூண்டில்காரருக்கு ஒரு நாளைக்கு மூன்று மீன் என்று வரம்பு வந்தது. செப்டம்பரில் குறைந்தபட்ச அளவு 36-லிருந்து 42 சென்டிமீட்டர் ஆனது, அதுவரை நாம் வீட்டுக்குக் கொண்டுபோன 36 சென்டிமீட்டர் பெண் மீன் ஒரு தடவைகூட முட்டையிட்டிருக்காது என்பதை யோசித்துப் பாருங்கள். 2016-ல் முதல் ஆறு மாதம் பிடித்ததைத் திரும்ப விட வேண்டும், அப்புறம் நாளைக்கு ஒன்று. 2018-ல் ஒன்பது மாதம் ஒன்றுகூடக் கூடாது, அக்டோபரில்தான் ஒன்று அனுமதித்தார்கள். அதே 2018-ல் தூண்டில் போட்டுத் தொழில் செய்யும் படகு ஒன்றுக்கு வருடத்துக்கு 5 டன் வரை அனுமதி இருந்தது. கரையில் நிற்கிறவனுக்குப் பூஜ்யம், படகுக்கு 5 டன். அந்த வருடம் எனக்கும் ரத்தம் கொதித்தது, பல மாதம் தூண்டிலையே தொடவில்லை.

சரி, இப்போது மீதிப் பாதிக் கணக்கு. ஐரோப்பாவில் கடலில் பொழுதுபோக்காக மீன் பிடிக்கிறவர்கள் சுமார் 87 லட்சம் பேர் என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது, வருடத்துக்கு எல்லோரும் சேர்ந்து 7 கோடியே 76 லட்சம் நாட்கள் கடலில் கழிக்கிறார்களாம், செலவு 590 கோடி யூரோ. உங்கள் ரெண்டு மீன் ஒன்றுமே இல்லைதான், ஆனால் பெருக்கிப் பாருங்கள். அவசர நடவடிக்கைக்கு முன் பிடிபட்ட சீ பாஸில் ஏறக்குறைய கால் பங்கு நம் தூண்டிலில் வந்தது என்று மதிப்பிட்டிருந்தார்கள். கால் பங்கு எடுத்துக்கொண்டு, "நான் சின்ன ஆள், என்னை விட்டுவிடுங்கள்" என்று நாம் சொல்ல முடியாது.

வலையில் கடுமையைக் காட்டத் தாமதித்ததற்குத்தான் என் கோபம் எல்லாம். அயர்லாந்தைப் பாருங்கள். 1990-லேயே தன் படகுகள் சீ பாஸ் பிடித்து விற்பதை நிறுத்திவிட்டது, தூண்டில்காரருக்கும் 24 மணி நேரத்தில் ரெண்டு மீன், மே 15 முதல் ஜூன் 15 வரை ஒன்றும் கூடாது என்று கட்டினார்கள். இந்த மீன் உயிரோடு கடலில் இருந்தால், அதைத் தேடி வருகிற ஆட்களால் கரையோர ஊர் பிழைக்கும் என்ற கணக்கு அது. மற்ற நாடுகளும் அப்போதே இதைச் செய்திருந்தால் 2018 வந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

2020-ல் வரம்பு நாளைக்கு ரெண்டு ஆனது. அதை மீன் கொஞ்சம் தேறியதற்கான அடையாளமாகத்தான் பார்க்கிறேன். எண்ணிக்கையும் மூடும் மாதங்களும் வருடா வருடம் பேச்சுவார்த்தையில் மாறும், பிரிட்டன் வெளியேறிய பிறகும் ஐரோப்பிய ஒன்றியத்தோடு உட்கார்ந்துதான் முடிவு செய்கிறார்கள். அதனால் நான் எழுதியதை வைத்துக் கிளம்பாமல், புது வருடம் பிறந்ததும் அரசாங்கப் பக்கத்தில் அந்த வருட விதியைப் பார்த்துவிடுங்கள்.

பிரான்ஸில் பிடித்த மீனின் வாலை வெட்டச் சொன்னார்கள். எதற்கு? தெரிந்த உணவகக்காரர் ஒருவர் "எனக்குக் கொடுங்கள், நல்ல விலை தருகிறேன்" என்கிறார், கொடுக்கலாமா?
(வாசகர், பாரிஸ்)

உங்கள் ரெண்டு கேள்விக்கும் ஒரே பதில். வாலின் கீழ்ப்பாதியை வெட்டினால் அது பொழுதுபோக்காகப் பிடித்த மீன் என்று அடையாளம், யாரும் அதைக் கடையில் வைத்து விற்க முடியாது. 2011 முதல் பிரான்ஸில் குறிப்பிட்ட சில இன மீன்களுக்கு இது கட்டாயம், சீ பாஸ் அதில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கவே பொழுதுபோக்காகப் பிடித்த மீனை விற்கத் தடை இருக்கிறது. ஆகவே கொடுக்காதீர்கள். என்னிடமும் ஓர் உணவகத்தில் இப்படிக் கேட்டார்கள், தெரிந்த முகம் என்பதால் மறுக்கச் சங்கடமாக இருந்தது, ஆனாலும் மறுத்துவிட்டேன். வருடம் முழுக்க எண்ணெய், வலை, படகுக் கடன் என்று கட்டிக்கொண்டிருக்கும் சிறு மீனவர் விலையை நாம் கெடுக்கிறோம் என்பது ஒன்று. காசு வரும் என்றால் ரெண்டு மீனோடு நிறுத்த மனசு வராது என்பது இன்னொன்று.

பால்டிக் கடலில் காட் மீனுக்கு மொத்தமாகத் தடையாமே? வருடா வருடம் ஹைலிகன்ஹாஃபனில் படகு எடுத்துப் போவோம்.
(வாசகி, ஹாம்பர்க்)

ஆமாம், மேற்குப் பால்டிக்கில் 2024 முதல் பொழுதுபோக்காகக் காட் பிடிக்கத் தடை. படிப்படியாகத்தான் வந்தது: 2017-ல் நாளைக்கு ஐந்து, முட்டையிடும் பிப்ரவரி மார்ச்சில் மூன்று, 2019-ல் ஒரு நல்ல வருடக் குஞ்சுகளை நம்பி ஏழாக உயர்த்தினார்கள், 2022-ல் ஒன்றே ஒன்று, அப்புறம் பூஜ்யம். ஏழாக உயர்த்தியதை இன்றைக்கு நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அளவுக்கு மீறிப் பிடித்தது ஒரு காரணம், தண்ணீர் சூடாவதும் அடியில் ஆக்சிஜன் குறைவதும் சேர்ந்துகொண்டது.

அங்கே தூண்டில்காரர்களின் பங்கு மிகப் பெரியது. 2013-லிருந்துதான் ஜெர்மன் தூண்டில்காரர் பிடித்ததை மீன் இருப்புக் கணக்கில் சேர்த்தார்கள். அதற்கு முன் அத்தனை வருடமும் அந்த மீன்கள் கணக்கிலேயே இல்லை! உங்களைக் கூட்டிப்போகும் படகுக்காரர்களின் நிலைமை பாவம்தான், தலைமுறையாக அதையே நம்பி இருந்தவர்கள். முடிந்தால் அவர்களோடே போய்த் தட்டை மீன் பிடியுங்கள், படகு ஓடினால்தான் காட் திரும்பி வரும் நாளில் உங்களைக் கூட்டிப்போக ஆள் இருப்பார்.

இனிமேல் போனில் பதிவு செய்துவிட்டுத்தான் தூண்டில் போட வேண்டுமாம். எதற்கு இந்தக் கண்காணிப்பு?
(வாசகர், ஆன்ட்வெர்ப்)

2023-ல் திருத்திய மீன்பிடிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2026 ஜனவரி 10 முதல் குறிப்பிட்ட சில இனங்களைப் பிடிக்கிறவர்கள் பதிவு செய்துகொண்டு, பிடித்ததைத் தெரிவிக்க வேண்டும். சீ பாஸ் அந்தப் பட்டியலில் உண்டு. பிரிட்டன், நார்வேக்கு இது பொருந்தாது.

எனக்கு இதில் மனத்தடை இல்லை. மேலே சொன்ன காட் கதைதான் என் காரணம். எத்தனை பிடித்தோம் என்று நாம் சொல்லாவிட்டால், கரையில் நின்று விசாரித்தும் தொலைபேசியில் கேட்டும் தோராயமாக ஓர் எண்ணைப் போடுவார்கள். எண் குறைவாகப் போனால் மீன் அழியும், கூடுதலாகப் போனால் நமக்கு வரம்பு இறங்கும். தங்களுக்குப் பிடித்த இடம் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து பொய் எண் போடும் ஆட்களை எனக்கே தெரியும், தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ஒன்றுமே கிடைக்காத நாளையும் யாராவது கேட்டால் சொல்லுங்கள், அதுவும் ஒரு தகவல்தான்.

நார்வேயிலிருந்து ஐஸ் பெட்டியில் எவ்வளவு மீன் கொண்டுவரலாம்?
(வாசகர், டோர்ட்மண்ட்)

2006-ல் தலைக்கு 15 கிலோ என்று தொடங்கியது, பிறகு பலமுறை மாற்றிவிட்டார்கள். 2021-ல் வந்த விதிப்படி, பதிவு செய்த சுற்றுலா மீன்பிடி முகாமில் தங்கிப் பிடித்திருந்தால் 18 கிலோ, அதுவும் வருடத்தில் ரெண்டு தடவைதான். முகாம்காரரிடம் அத்தாட்சிக் காகிதம் வாங்கிக்கொள்ளுங்கள், தற்போதைய அளவையும் அவரிடமே கேளுங்கள். கிலோக் கணக்கில் கூடுதலாக ஒளித்து வைத்து எல்லையில் மாட்டுகிறவர்கள் உண்டு, அபராதம் மீன் விலையைவிடப் பல மடங்கு.

என் பத்து வயது மகன் முதல்முதலாக ஒரு சீ பாஸ் பிடித்தான், 40 சென்டிமீட்டர். திரும்ப விடச் சொன்னேன், அழுதுவிட்டான். வாயில் ரத்தம் வேறு வந்தது. அது பிழைத்திருக்குமா?
(வாசகி, பூல்)

பிழைத்திருக்கவே வாய்ப்பு அதிகம். தூண்டிலில் பிடித்து விட்ட சீ பாஸில் நூற்றுக்கு ஐந்து போலத்தான் சாகிறது என்று விஞ்ஞானிகள் கணக்கு வைத்திருக்கிறார்கள். ரத்தம் வந்தாலும் 42-க்குக் குறைந்ததை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை, நீங்கள் செய்ததுதான் சரி. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்தீர்கள்தானே?

மகனிடம் சில விஷயங்களைச் சொல்லிக் கொடுங்கள். மீனைத் தொடும் முன் கையைக் கடல் தண்ணீரில் நனைக்க வேண்டும், காய்ந்த கை பட்டால் அதன் மேல் இருக்கும் வழுவழுப்பு போய்விடும். கூழாங்கல்லில் இழுக்கக் கூடாது. தூண்டில் முள்ளை விழுங்கியிருந்தால் பிடுங்காமல் தூண்டிலின் தங்கூஸ் நரம்பை மீனின் வாயோரம் வெட்டிவிடலாம். விலாங்கு மாட்டினால் எந்த அளவாக இருந்தாலும் உடனே விட்டுவிட வேண்டும். அப்புறம், அடுத்த தடவை போகும் முன் தூண்டில் முள்ளின் நுனியில் பின்பக்கமாக நீட்டியிருக்கும் சின்னக் கூர்முனையைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்கிக் கொடுங்கள். மீனிலிருந்து முள்ளை அவனே கழற்றிவிடுவான்.