உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

விலை கூடிய கைப்பை, பட்டு, கைத்தறி, சேட் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் எழுதிய கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

மகன் இலண்டனிலிருந்து அனுப்பிய கைப்பையை நல்ல நாட்களுக்கு மட்டும்தான் எடுப்பேன். மூன்று வருடமாக அலுமாரியில் பத்திரமாக இருந்தது. இந்த மாரியில் எடுத்துப் பார்த்தால் மேல்தோல் ஏடு ஏடாக உரிகிறது. பாவிக்காத பை எப்படிப் பழுதாகும்? திரும்ப ஒட்டலாமா?
வாசகி, களுவாஞ்சிக்குடி

உரிவது தோல் அல்ல, அம்மா. துணியின் மேல் பூசப்பட்ட பொலியூரத்தேன் படலம் அது. உண்மையான தோல் காய்ந்து வெடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் வெங்காயச் சருகு போல உரியாது.

இந்தப் படலத்துக்கு எதிரி காற்றிலுள்ள ஈரம். ஈரம் மெல்ல உள்ளே ஊறி, படலத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுத்துவிடும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு கோடு கோடாக வெடிக்கும், கடைசியில் உதிரும். பை தோளில் கிடந்தாலும் அலுமாரியில் கிடந்தாலும் இது நடக்கும். வாவி ஒரு பக்கம், கடல் மறுபக்கம் என்று கிடக்கும் எழுவான்கரையில், வாடை வீசும் மாதங்களில் பூட்டிய அலுமாரிக்குள் ஈரம் வெளியேற வழியில்லை. பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தால் இன்னும் கெதியாக நடந்திருக்கும். ஒட்டிப் பயனில்லை. ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்தது உரியும். பையின் விலை எவ்வளவு, யாருடைய பெயர் பதித்திருக்கிறது என்பதெல்லாம் இதில் கணக்கில்லை. பெயர் பெற்ற நிறுவனங்களின் பைகளிலும் உள்துணிக்கும் ஓரத்துக்கும் இதே பூச்சு வருவதுண்டு.

அடுத்த பை வாங்கும்போது "ஜெனுயின் லெதர்" என்ற முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். மாட்டுத்தோலின் மேற்படை மயிர்த்துளைகளோடு அப்படியே இருந்தால் அது முதல் தரம். மேற்பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்தி, அச்சில் கோடு பதித்தது அதற்கு அடுத்தது. தோலைப் பிளந்து எடுத்த கீழ்ப்படைக்குப் பிளாஸ்டிக் பூச்சிட்டாலும் அதே முத்திரைதான் விழும். தோல் தூளை அரைத்துப் பசையில் பிடித்தது கடைசி; அதை வாங்கவே வேண்டாம். கடையில் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல தோலில் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் ஒழுங்கில்லாமல் ஓடி, விரலை எடுத்ததும் மறையும். பூச்சு கனமாக இருந்தால் குழி மட்டும் விழும். மயிர்த்துளைகள் எங்கும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் தெரிந்தால் அது இயந்திர அச்சு. பட்டியின் வெட்டு ஓரத்தைப் பாருங்கள்: உள்ளே துணி தெரிந்தால் பேச்சே இல்லை.

தோல் பைக்குள் வெள்ளைத் தாளைக் கசக்கி அடையுங்கள். பத்திரிகைத் தாள் வேண்டாம், மை உள்துணியில் பிடிக்கும். பழைய தலையணை உறைக்குள் போட்டு வைத்து, மாரியில் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை மழை விட்ட நேரத்தில் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள். பூஞ்சணம் வந்துவிட்டால் வீட்டுக்குள் தட்டாதீர்கள், வித்து பறந்து மற்றச் சாமான்களிலும் பிடிக்கும். முற்றத்தில் வைத்து உலர்ந்த மென்மையான தூரிகையால் துடைத்து, பிறகு பிழிந்த ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்து, நிழலில் முழுக்கக் காய வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் பூசும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்: தோல் கறுக்கும், எண்ணெய் சிக்குப் பிடித்து மணக்கும், அடுத்த பூஞ்சணத்துக்கும் அதுவே இடம் கொடுக்கும்.

நானா கட்டாரிலிருந்து லூயி விட்டோன் பை கொண்டு வந்தார். "இது தோலே இல்லை, றெக்சின்தான், ஏமாந்திட்டார்" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?
வாசகி, மருதமுனை

தோல் இல்லை என்பதை வைத்து மட்டும் போலி என்று சொல்ல முடியாது. பழுப்பு நிறத்தில் எழுத்தும் பூவும் பதித்த அந்த நிறுவனத்தின் வடிவம் 1896 இல் வந்தது. இன்று அந்த வடிவத்தில் வரும் பைகளின் உடல், பிளாஸ்டிக் பூச்சிட்ட பருத்திக் கன்வஸ். பழைய பாணி மாதிரிகளில் பிடியும் ஓரப் பட்டியும்தான் தோல், அதுவும் சாயமோ பூச்சோ இல்லாத மாட்டுத்தோல். புதிதில் வெளிறிய சந்தன நிறத்தில் இருக்கும். கைபட்டு, வெளிச்சம் பட்டுத் தேன் நிறத்துக்கு மாறும். ஒரு மழைத்துளி விழுந்தாலும் கறை தங்கும். அப்படிப்பட்ட மாதிரியை ஒரு வருடம் பாவித்தும் பிடி கொஞ்சமும் நிறம் மாறவில்லை என்றால் சந்தேகப்படலாம்.

பிடியை உடலோடு சேர்க்கும் இரண்டு தோல் துண்டுகளிலும் தையல்களை எண்ணுங்கள். இரு பக்கமும் எண்ணிக்கை ஒத்து வர வேண்டும், வடிவமும் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் ஒரே மாதிரி விழ வேண்டும். உள்ளே குறியீடு இல்லை என்று பயப்பட வேண்டாம்: 2021 முதல் எழுத்தும் எண்ணும் அச்சிடுவதற்குப் பதிலாகச் சிறு மின்னணுச் சில்லை உள்ளே வைக்கிறார்கள். பழைய குறியீடு இருந்தாலும் அது அத்தாட்சி ஆகாது, போலி செய்பவர்களுக்கு அதை அச்சிடுவது சின்ன வேலை. எங்கே வாங்கினார் என்று நானாவிடம் கேளுங்கள். அந்த நிறுவனம் தன் சொந்தக் கடைகளிலும் இணையத்தளத்திலும்தான் விற்கிறது, கழிவு விற்பனை நடத்துவதில்லை. சந்தையில் பாதி விலைக்குப் புதிது கிடைத்தது என்றால் விடை அதிலேயே இருக்கிறது.

கொப்பிப் பைகளை வாங்கி விற்கலாம் என்று தோழி கூப்பிடுகிறாள். சட்டப்படி பிரச்சினை வருமா?
வாசகி, ஏறாவூர்

வரும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், போலி வணிகக்குறி இட்ட பொருளை விற்பதும் விற்பனைக்கென வைத்திருப்பதும் குற்றம். "கொப்பி என்று சொல்லித்தான் விற்றேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. பெயரே இல்லாத, நன்றாகத் தைத்த பைகளை எடுத்து விற்கச் சொல்லுங்கள்.

மருதமுனைக் கைத்தறிச் சேலைக்கு விசைத்தறிச் சேலையைவிடக் கூடிய விலை சொல்கிறார்கள். உம்மாவுக்கு நல்லதாக ஒன்று எடுக்க வேண்டும். எதைப் பார்த்து எடுப்பது?
வாசகர், அக்கரைப்பற்று

முதலில் பாரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். சேலையின் ஒரு மூலையை இரண்டு கைகளுக்கும் இடையில் வைத்து நன்றாகக் கசக்குங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்து துணி தொய்ந்தால், நீங்கள் தூக்கிப் பார்த்தது நூலின் பாரத்தை அல்ல, கஞ்சியின் பாரத்தை. இரண்டு தடவை தோய்த்ததும் அது வலை போலாகிவிடும்.

பிறகு நூல் இலக்கத்தைக் கேளுங்கள். ஒரு இறாத்தல் பஞ்சிலிருந்து 840 யார் நீள நூல் சுருள்கள் (கழிகள்) எத்தனை வரும் என்பதுதான் அந்த இலக்கம். 40 ஐ விட 80 மெல்லியது, 100 இன்னும் மெல்லியது. இரண்டு 80 ஆம் நூல்களை முறுக்கி ஒன்றாக்கினால், பருமனில் அது 40 ஆம் ஒற்றை நூலுக்குச் சமம். ஆனால் அதைவிட மழமழப்பாக, உறுதியாக, பிசிர் குறைவாக இருக்கும். பாவிலும் (நீளவாக்கு நூல்) ஊடையிலும் (குறுக்கு நூல்) அந்த இரட்டை நூல் போட்ட சேலைக்குக் கேட்கிற விலையைக் கொடுக்கலாம். பாவு மட்டும் நல்ல நூல், ஊடை மலிவான ஒற்றை நூல் என்று நெய்வதும் உண்டு. அப்படியானதை நீளவாக்கில் தடவினால் மென்மையாகவும் குறுக்கே தடவினால் சொரசொரப்பாகவும் இருக்கும்.

கைத்தறித் துணி உடம்புக்கு இதமாக இருப்பதற்குக் காரணம், கைத்தறியில் பாவு விசைத்தறி அளவுக்கு இறுக்கமாக இழுபடாததுதான். நூலின் உப்பல் நசுங்காமல் இருப்பதால் வியர்வையை உறிஞ்சும், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களிலும் உடம்பில் ஒட்டாது. கைத்தறிதானா என்று பார்க்க ஓரத்திலுள்ள ஊசித் துளைகளைக் காட்டுவார்கள், ஆனால் விசைத்தறியிலும் ஓரத்தில் பிடித்த தடம் விழும். பூ வேலை இருந்தால் பின்பக்கத்தைத் திருப்புங்கள். கையால் ஒவ்வொரு பூவாகப் போட்டால் நூல் பூவின் விளிம்பில் திரும்பி அங்கேயே நிற்கும். இயந்திரத்தில் நூல் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு ஓடும், அதைக் கத்தரித்த பிசிர்கள் பின்னால் தெரியும். இன்னொன்று: சேலையை வெளிச்சத்துக்குப் பிடித்தால் குறுக்கே தடித்த கோடுகளும் ஐதான கோடுகளும் மாறி மாறித் தெரிந்தால், "கைத்தறி என்றால் அப்படித்தான்" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். நல்ல நெசவாளி ஊடையை ஒரே சீராக அடிப்பார்.

சாயத்துக்கு, வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து கரையில் 20 தடவை தேய்த்துப் பாருங்கள். இலேசான நிறம் வந்தால் பரவாயில்லை, துணி முழுக்கச் சிவந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வீட்டில் உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் ஓடுகிற சாயம் நின்றுவிடும் என்பது சரியல்ல. முதல் மூன்று தோய்ப்பும் தனியாக, பச்சைத் தண்ணீரில், 10 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். கஞ்சி வேண்டுமென்றால் 2 மேசைக்கரண்டி அரிசிமாவை 1 லீற்றர் தண்ணீரில் காய்ச்சி வடித்து, இன்னும் 3 லீற்றர் தண்ணீர் கலந்து தோய்த்தெடுங்கள். கஞ்சி போட்ட சேலையை மாரி முழுக்க மடித்து வைக்கக்கூடாது. பூச்சியும் பூஞ்சணமும் முதலில் அதைத்தான் தேடி வரும்.

மகளுக்குக் கூறை எடுக்கப் போகிறோம். பட்டும் சரிகையும் உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? என் சொந்தக் கூறையின் சரிகை கறுத்தது ஏன்?
வாசகி, ஆரையம்பதி

முந்தானைக் குஞ்சத்திலிருந்து பாவு நூல் ஒன்றும், ஓரத்திலிருந்து ஊடை நூல் ஒன்றும் கேட்டு வாங்கித் தனித்தனியாகக் கொளுத்துங்கள். பட்டு மயிர் கருகும் மணத்தோடு எரிந்து, நெருப்பை எடுத்ததும் அணைந்து, விரலில் நசுங்கும் கரியைத் தரும். பொலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகும். ஒன்றை மட்டும் கொளுத்திப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பாவு பட்டும் ஊடை செயற்கை நூலுமாக நெய்து விற்பார்கள்.

காஞ்சிபுரத்தின் அசல் சரிகை, பட்டு நூலின் மேல் வெள்ளித் தகடு சுற்றித் தங்க முலாம் இட்டது. ஒரு இழையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவந்த பட்டு நூல் தெரியும். செம்பு தெரிந்தாலோ, மினுங்கும் பிளாஸ்டிக் இழை உரிந்து வந்தாலோ விலையை அதற்கேற்பப் பேசுங்கள். இந்தியப் பட்டு மார்க் முத்திரை பட்டுக்கு மட்டுமே உத்தரவாதம், சரிகைக்கு அல்ல. கடைக்காரர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் கூறை கறுத்தது அதில் வெள்ளி இருப்பதால்தான். காற்றிலுள்ள கந்தகமும் வியர்வையும் நேரே அடித்த வாசனைத் திரவியமும் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். தேசிக்காய், புளி போட்டுத் தேய்த்தால் முலாமும் போய்விடும், அப்படியே விடுங்கள். இனிக் கறுக்காமல் இருக்க வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், பூச்சி உருண்டை சரிகையில் படக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்காகக் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே பட்டு அறும்.

கல்முனையில் "ஏற்றுமதி மிச்சம்" என்று லேபல் வெட்டிய சேட் விற்கிறார்கள். நம்பலாமா?
வாசகர், நற்பிட்டிமுனை

லேபல் வெட்டியிருப்பது குறை அல்ல. மிச்சச் சரக்கு வெளியே போகும்போது பெயரை வெட்டச் சொல்வது வழக்கம். ஏன் மிஞ்சியது என்பதைத்தான் தேட வேண்டும். பகல் வெளிச்சத்தில் சேட்டின் இரண்டு கைகளையும் அதன் உடலோடு சேர்த்துப் பிடித்து நிறம் ஒத்து வருகிறதா என்று பாருங்கள், நிற வேறுபாடுதான் அடிக்கடி காரணம். பிறகு ஒரு அங்குலத்துக்குள் தையல்களை எண்ணுங்கள். சாதாரணச் சேட்டில் 10 முதல் 12 வரை இருக்கும், உயர்ந்ததில் 18 க்கு மேல் போகும். கோடு போட்ட துணியென்றால் பொக்கற்றின் கோடு உடலின் கோட்டோடு சேர வேண்டும். சிப்பி பட்டனைக் கன்னத்தில் வைத்தால் குளிரும், பிளாஸ்டிக் குளிராது.

பிர்கின் பைக்குக் கோடிக்கணக்கில் விலை என்கிறார்கள். அந்தத் தையலில் அப்படி என்ன இருக்கிறது? என்னுடைய தோல் பையின் பட்டி பிய்ந்துவிட்டது, அதே மாதிரித் தைக்க முடியுமா?
வாசகி, கல்லடி

அந்தப் பையைச் செய்யும் எர்மெஸ், 1837 இல் பாரிஸில் குதிரைச் சேணமும் கடிவாளமும் தைக்கும் பட்டறையாகத் தொடங்கியது. பிர்கின் பை 1984 இல்தான் வந்தது, ஆனால் தையல் சேணக்காரரின் தையல்தான். தையல் இயந்திரத்தில் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று கொளுவிக்கொண்டு நிற்கும். ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாக நெகிழும். சேணத் தையலில் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போகும். ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை அசையாது. ஒரு பையை ஒரே தொழிலாளி தொடக்கம் முதல் முடிவு வரை செய்வார். ஆனால் விலை முழுவதும் தையலுக்கானது என்று எண்ண வேண்டாம், கேட்பவர்களைவிடக் குறைவாகவே செய்து விற்பதும் அதில் பெரும் பங்கு.

உங்கள் பட்டியை அதே முறையில் தைக்கலாம், சப்பாத்துத் தைப்பவரிடம் இப்படிக் கேளுங்கள். தைக்க வேண்டிய நீளத்தைப் போல நான்கு மடங்கு நூல், தேன்மெழுகில் இரண்டு தடவை இழுத்தது. பழைய துளைகளையே பாவிக்க வேண்டும். இடையில் புதிதாகக் குத்தினால் தோல் அந்தக் கோட்டிலேயே கிழியும். துளை மட்டும் நைந்து போயிருந்தால் உள்பக்கம் மெல்லிய தோல் துண்டொன்று வைத்து, 3 அல்லது 4 மில்லிமீற்றர் இடைவெளியில் புதிய வரிசை போடலாம். ஒவ்வொரு தையலையும் இரு கைகளாலும் ஒரே அளவு இழுக்க வேண்டும். முடிவில் முடிச்சுப் போடாமல் மூன்று தையல் பின்னோக்கித் தைத்து, ஒட்ட வெட்ட வேண்டும். வெறும் பசையால் ஒட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் வெயிலில் பசை இளகி, பட்டி பாரத்தோடு கழன்று விழும்.