பூ வைத்தால் இரட்சிப்பு போய்விடுமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்குச் செட்டிநாட்டுப் பக்கத்துக் கடிதங்களாகவே எடுத்திருக்கிறோம். எல்லாரும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் ஆளுக்கொரு பக்கமிருந்து கேட்டிருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்றவர்களே அதிகம் என்பதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: கல்யாணமாகி வந்த பிறகு மாமியார் போகும் சபைக்கே நானும் போகிறேன். அங்கே நகை, பூ, டிவி எதுவும் கூடாது. சித்தி மகள் கல்யாணத்துக்குக் காரைக்குடி போனபோது மல்லிகைப்பூ வைத்து ஒரு செயினும் போட்டுக்கொண்டேன். யாரோ அந்த போட்டோவை வாட்ஸப்பில் போட்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிறு பாஸ்டர் பெயர் சொல்லாமல் 'கிருபையிலிருந்து விழுந்தவர்கள்' என்று பிரசங்கத்திலேயே பேசினார். மாமியார் அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் இரட்சிப்பை இழந்துவிட்டேனா? – பள்ளத்தூர் சகோதரி

பதில்: இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை அப்புறம் நிதானமாகப் படியுங்கள்.

'கிருபையிலிருந்து விழுவது' என்பது கலாத்தியர் 5:4-ல் வருகிறது. அதைப் பவுல் யாரைப் பார்த்துச் சொன்னார் என்று உங்கள் பாஸ்டர் முந்திய வசனங்களையும் சேர்த்து வாசித்திருக்கலாம். விதியை மீறியவர்களைப் பார்த்து அல்ல, விதியைப் பிடித்துக்கொண்டு அதனால் நீதிமானாகிவிடலாம் என்று நினைத்தவர்களைப் பார்த்துச் சொன்னது அது. கலாத்தியா சபைகளுக்குச் சிலர் வந்து, இயேசுவை விசுவாசித்தது சரிதான், ஆனால் யூதச் சட்டப்படி விருத்தசேதனமும் (சுன்னத்து) செய்துகொண்டால்தான் முழுசாகும் என்று சொல்லிக் குழப்பியிருந்தார்கள். நாள், மாதம் பார்ப்பதும் கூடவே வந்துவிட்டது. இதற்குத்தான் பவுலுக்கு அவ்வளவு கோபம். அவருடைய மற்றக் கடிதங்களில் வழக்கமாக வரும் 'உங்களுக்காக ஸ்தோத்திரம் செலுத்துகிறேன்' என்ற வரிகூட அந்தக் கடிதத்தில் கிடையாது, வாழ்த்து முடிந்ததுமே திட்டு ஆரம்பமாகிவிடும். ஆக, அந்த வசனத்தின்படி யார் விழுந்தது என்று பார்த்தால், மல்லிகைப்பூ வைத்த நீங்கள் இல்லை.

இதை நம்ம பக்கத்து வழக்கத்தை வைத்தே சொல்கிறேன். ஆடி பிறந்தால் புதுக்கோட்டைப் பக்கமும் பேராவூரணிப் பக்கமும் மொய் விருந்து நடக்கிறது. இலை போட்டுக் கறிச்சோறு பரிமாறுகிறார்கள், ஆனால் அதை யாரும் சும்மா கிடைத்த சாப்பாடு என்று நினைப்பதில்லை. கை கழுவிவிட்டு வந்தால் நோட்டோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். போன தடவை அவர் நமக்கு எவ்வளவு செய்தார் என்று பார்த்து, மேலே கொஞ்சம் சேர்த்து எழுதிவிட்டு வருகிறோம். நல்ல ஏற்பாடுதான், அவசரத்துக்குக் கைமாறும் பணம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது கடன், விருந்து என்று பெயர் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். தேவனுடைய விருந்தையும் நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். நகையைக் கழற்றினேன், வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன், தசமபாகம் தவறாமல் கொடுத்தேன் என்று ஒவ்வொன்றாக நோட்டில் எழுதி வைக்கிறார்கள். பவுல் ரோமர் 4:4-ல் இதைத்தான் சொல்கிறார்: வேலை செய்கிறவனுக்கு வருவது கூலி, அது கொடுக்க வேண்டிய கடன், அதைக் கிருபை என்று சொல்ல முடியாது. எபேசியர் 2:8, 9 நமக்கெல்லாம் ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம்: 'கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்.' இது உங்களால் உண்டானதல்ல, தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமை பாராட்டக் கூடாது என்பதற்காகவே அப்படி. தேவனுடைய வீட்டு வாசலில் நோட்டு வைத்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, சகோதரி.

நகைக்கு அவர்கள் காட்டும் வசனம் 1 பேதுரு 3:3. எடுத்துப் பாருங்கள். பொன் நகையோடு தலைமயிர் பின்னுவதும் விலையுயர்ந்த ஆடை உடுத்துவதும் அதே வாக்கியத்தில் இருக்கின்றன. ஜடை பின்னிக்கொண்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, செயினை மட்டும் கழற்றியவர்கள் அந்த வசனத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கைக்கொள்கிறார்கள். கழுத்திலிருந்து கழற்றியது பாங்க் லாக்கரில் பத்திரமாக இருக்கிறதே, அதையும் யாரும் கேட்பதில்லை. மகன் கல்யாணத்தில் எத்தனை பவுன் போடுவீர்கள் என்று பெண் வீட்டில் கேட்கும்போது மட்டும் அந்த வசனம் ஞாபகத்துக்கு வருவதில்லை, இது என் நெடுநாள் மனத்தாங்கல். பேதுரு சொல்ல வந்தது, ஒரு பெண்ணின் அழகு வெளியே மாட்டிக்கொள்வதில் இல்லை என்பதை. இரட்சிப்பை அவர் அந்த இடத்தில் பேசவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் மாமியார் உண்மையான பக்தியோடு நகையை விட்டவராக இருக்கலாம். நகை இல்லாத ஏழைப் பெண் பக்கத்தில் வந்து உட்காரக் கூச்சப்படக் கூடாது என்று கழற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களை மதிக்கிறேன். எனவே வீம்புக்கு நாளையிலிருந்து தினமும் பூ வைத்துக்கொண்டு அவர் முன்னால் நடமாடாதீர்கள், அதுவும் ஒரு விதமான சட்டம்தான். ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்காதிருங்கள் என்று சொல்லும் ரோமர் 14-ஆம் அதிகாரத்தை இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்க ஒரு சந்தர்ப்பம் பாருங்கள். பேச்சை நீங்களே ஆரம்பியுங்கள். வயதில் சிறியவர் நீங்கள்தானே.

கேள்வி: எல்லாம் கிருபைதான், கிரியை (நாம் செய்யும் நற்செயல்) வேண்டாம் என்றால், சனிக்கிழமை ராத்திரி இஷ்டத்துக்கு இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்டால் போதுமே? எங்கள் தெருவில் ஒருவர் மீட்டர் வட்டிக்கு விடுகிறார், 'நான் இரட்சிக்கப்பட்டவன்' என்று வண்டியிலும் எழுதியிருக்கிறார். – காரைக்குடி, கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, இதே கேள்வியைப் பவுலிடமே கேட்டிருக்கிறார்கள். கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்று ரோமர் 6:1-ல் அவரே எடுத்துச் சொல்லி, கூடாதே என்று அடுத்த வரியில் முடித்துவிடுகிறார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், கிருபையைப் பிரசங்கித்தால் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டே தீருவார்கள். யாருமே கேட்கவில்லை என்றால் அங்கே பிரசங்கிக்கப்படுவது கிருபை இல்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் தெரு வட்டிக்காரருக்குச் சகேயுவைச் சொல்லுங்கள். எரிகோ ஊரில் வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன், ஊரை அடித்துச் சேர்த்தவன். இயேசு அவனைப் பார்த்து, முதலில் கணக்கை நேராக்கிவிட்டு வா, அப்புறம் உன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில்தான் தங்க வேண்டும் என்றார். அதற்குப் பிறகுதான் அவன் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்கிறான். விருந்தாளி முதலில் வந்தார், பணம் பிறகு வெளியே வந்தது. வட்டிக்காரர் வீட்டுக்கு விருந்தாளி வந்ததாக வண்டியில் எழுதியிருக்கிறது, பணம் இன்னும் வெளியே வரவில்லை. அப்படியானால் வந்தது யார் என்று அவர்தான் யோசிக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர். வருடா வருடம் வேளாங்கண்ணிக்கு நடந்து போவோம், ஓரியூருக்கும் போவோம். மகள் வேறு சபையில் கல்யாணம் ஆகிப் போய்விட்டாள். மாப்பிள்ளை, 'உங்கள் செபமாலை, நவநாள், பாதயாத்திரை எல்லாம் கிரியை, அதனால் மோட்சம் கிடைக்காது' என்று வீட்டில் வைத்தே சொல்கிறார். – சிவகங்கை மறைமாவட்ட வாசகர்

பதில்: ஐயா, மாப்பிள்ளை சொன்னதில் ஒரு பாதி சரி: நடந்து போவதால் மோட்சம் கிடைக்காது. ஆனால் உங்கள் திருச்சபையும் அப்படிச் சொல்லவில்லை. சீர்திருத்தச் சபைகளுக்கு வித்திட்ட லூத்தருக்குப் பதில் சொல்வதற்காகக் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து பொதுச்சங்கமே 1547-ல், ஒருவரை நீதிமானாக்கும் அருளுக்கு முன்னால் செய்யும் எதுவும், அது விசுவாசமானாலும் செயலானாலும், அந்த அருளைச் சம்பாதித்துத் தராது என்று எழுதி வைத்திருக்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இதுபற்றிக் கூட்டறிக்கையிலேயே கையெழுத்துப் போட்டன. கிருபையினால் மட்டுமே, நம் பக்கம் எந்தத் தகுதியும் இல்லாமல், தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்பது அதன் சாரம். லூத்தர் 1517-ல் தம் 95 வாதங்களை வெளியிட்ட அதே தேதியைத்தான் அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-ல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். எல்லா வித்தியாசமும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், 'விசுவாசத்தினால் மட்டும்' என்பதை இரண்டு பக்கமும் இன்னும் ஒரே மாதிரி சொல்வதில்லை. ஆனால் மாப்பிள்ளை நினைக்கும் அளவுக்குப் பள்ளம் ஆழம் இல்லை.

நடப்பதைப் பற்றி உங்களிடமே ஒன்று கேட்கிறேன். வேண்டுதல் நிறைவேறாவிட்டாலும் அடுத்த வருடம் நடப்பீர்களா? நடப்பேன் என்றால், நிம்மதியாகப் போய்வாருங்கள், அது அன்பு. 'இவ்வளவு தூரம் நடந்தும் மாதா ஒன்றும் செய்யவில்லையே' என்று மனசு சொன்னால், அங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளைக்கும் இதே கேள்வி உண்டு. விடியற்காலை நாலு மணி ஜெபமும் தசமபாகமும் அவருக்கு என்னவாக இருக்கின்றன? லூக்கா 18-ல் வாரத்துக்கு இரண்டு தரம் உபவாசித்து, வருமானத்தில் பத்தில் ஒன்று கொடுத்த பரிசேயன் நீதிமானாய் வீட்டுக்குப் போகவில்லை, 'பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்' என்று மார்பில் அடித்துக்கொண்டவன்தான் போனான். இதைச் சொல்லிவிட்டு, 'நல்லவேளை, நான் அந்தப் பரிசேயனைப் போல இல்லை' என்று நாமும் உள்ளுக்குள் நினைத்துவிடுகிறோம். அது வேறு வம்பு.

கேள்வி: யாக்கோபு 2:24 'விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்' என்கிறதே? – கண்டனூர் வாசகர்

பதில்: லூத்தருக்கே அந்த நிருபம் பிடிக்கவில்லை, 1522-ல் தம் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் முன்னுரையில் அதை வைக்கோல் நிருபம் என்று எழுதினார். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இரண்டு பேரும் காட்டுவது ஆபிரகாமைத்தான். அந்தக் கதையில் பவுல் எடுத்துக்கொள்வது ஆதியாகமம் 15: விசுவாசித்தான், அது நீதியாக எண்ணப்பட்டது. விருத்தசேதனம் வருவது 17-ஆம் அதிகாரத்தில். யாக்கோபு எடுத்துக்கொள்ளும் ஈசாக்கின் பலி 22-ல் வருகிறது. முதலில் நடந்ததைப் பவுல் பேசுகிறார், அது பொய்யில்லை என்று பின்னால் தெரிந்ததை யாக்கோபு பேசுகிறார்.

கேள்வி: நான் சைவன், ஓய்வுபெற்ற தமிழாசிரியன். பக்கத்து வீட்டார் கொடுத்து உங்கள் இதழைப் படிக்கிறேன். 'அவன் அருளாலே அவன் தாள் வணங்கி' என்று மாணிக்கவாசகர் எப்போதோ பாடிவிட்டார். அருள் என்பது ஏதோ நீங்கள் கொண்டுவந்தது போல எழுதுகிறீர்களே? – தேவகோட்டை வாசகர்

பதில்: ஐயா, அப்படித் தொனித்திருந்தால் அது தவறு. வணங்குவதற்கே அவன் அருள் வேண்டும் என்ற வரியைவிடச் சுருக்கமாக இதைத் தமிழில் யாரும் சொல்லிவிட முடியாது. 'நான் கும்பிட்டேன், அவன் கொடுத்தான்' என்ற கணக்கை அந்த ஒரு வரி அழித்துவிடுகிறது. பல பிரசங்கங்களில் அது அழியவே மாட்டேன் என்கிறது.

எங்கே பிரிகிறோம் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன், நீங்கள் திருத்தலாம். சைவ சித்தாந்தத்தில் இருவினையொப்பும் (நல்வினை, தீவினை இரண்டையும் சமமாகக் காணும் நிலை) மலபரிபாகமும் (ஆன்மாவைப் பற்றிய மலம் நீங்கும் பக்குவம்) வந்தபோது சத்திநிபாதம் நிகழ்கிறது. ஆன்மா பக்குவப்படுகிறது, அந்தப் பக்குவத்தில் அருள் வந்து பதிகிறது. பக்குவப்படுத்துவதும் அவன் அருள்தான் என்று நீங்கள் சொல்வீர்கள், அதையும் அறிவேன். பல பிறவிகள் நீளும் பொறுமையான அருள் அது. பவுல் ரோமர் 5:8-ல் சொல்வது வேறு மாதிரி இருக்கிறது: நாம் பாவிகளாயிருக்கையிலேயே கிறிஸ்து நமக்காக மரித்தார். பக்குவம் எதுவும் ஆகவில்லை, காய் காயாகத்தான் இருந்தது. இன்னும் ஒன்று, கிறிஸ்தவர்களுக்கு அருள் என்பது ஒரு தேசத்தில், பொந்தியு பிலாத்து என்ற ரோம ஆளுநர் காலத்தில், ஒரு சிலுவையில் நடந்து முடிந்த காரியத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சிலுவையை எடுத்துவிட்டால் எங்களிடம் கிருபையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அதனால்தான் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளன், ஞானஸ்நானமும் இல்லாமல், ஒரு நல்ல காரியமும் செய்ய நேரமில்லாமல், அன்றைக்கே பரதீசுக்குப் போனான் என்பது எங்களுக்கு அவ்வளவு முக்கியம். உங்கள் பார்வையில் இது அவசரமாகத் தெரியலாம். எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.

கேள்வி: பக்கத்து வீட்டு ஆச்சி பிள்ளையார் நோன்புக்குக் கந்தரப்பமும் பணியாரமும் கொடுத்து அனுப்பினார்கள். வாங்கலாமா? – கானாடுகாத்தான் சகோதரி

பதில்: வாங்குங்கள். 1 கொரிந்தியர் 10:27-ல் பவுல், மற்றவர் வீட்டு விருந்தில் முன்னால் வைப்பதை மனச்சாட்சிக்காக ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடுங்கள் என்கிறார். இது படைத்தது என்று யாராவது எடுத்துச் சொன்னால், சொன்னவரின் மனச்சாட்சிக்காக விட்டுவிடுங்கள் என்கிறார். பூஜையில் பங்கெடுப்பது வேறு விஷயம், அதே அதிகாரத்தில் 20, 21 வசனங்களில் அதைத் தனியாக எச்சரிக்கிறார். ஆக, உங்கள் வீட்டில் சமீபத்தில் விசுவாசத்துக்கு வந்தவர் யாராவது இருந்து, அவர் மனசு கஷ்டப்படும் என்றால், அவர் முன்னால் சாப்பிடாதீர்கள். ஆச்சியிடம் வேண்டாம் என்று வாசலிலேயே திருப்பி மட்டும் அனுப்பாதீர்கள், கிறிஸ்தவர்கள் என்றால் இப்படித்தான் என்று தெரு முழுக்கப் பேசுவார்கள், அதில் நியாயமும் இருக்கும்.