சலங்கைக்குப் புளி வேண்டாம்

கேள்வி: மகள் பரதம் கற்கிறாள். சலங்கை வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. அதற்குள் மணிகளைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு ஏறிவிட்டது. தோல் பட்டை விறைத்துப்போய், 3 மணிகள் உதிர்ந்தும் விட்டன. பித்தளைப் பாத்திரம் போலப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மணிக்குள் இருப்பது பெரும்பாலும் சின்ன இரும்புக் குண்டு. கீறல் வழியே உள்ளே போகும் புளித்தண்ணீர் சுலபத்தில் காயாது. குண்டு துருப்பிடித்தால் நாதம் மங்கிவிடும். தோலும் தையல் நூலும் ஊறிக் கெடும்.

வியர்வையின் உப்பும் தோலில் உள்ள எண்ணெய்ப்பசையும் பித்தளையில் பட்டுப் பட்டுத்தான் களிம்பு ஏறுகிறது. மூங்கில் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி, ஈரமில்லாத பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, பருத்தித் துணியால் துடையுங்கள். புதுசு போலப் பளபளக்காது. மங்கிய பித்தளையும் நன்றாகவே ஒலிக்கும்.

விறைத்த தோலுக்கு நிறமில்லாத ஷூ கிரீம், ஒரு காலுக்குப் பட்டாணி அளவு போதும். வாரிலும் பட்டையின் ஓரத்திலும் மட்டும் பூசி, கால் மணி நேரம் கழித்துத் துடைத்துவிடுங்கள். பலர் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். அது மணிக்கு அடியில் இறங்கி, மறுபடியும் களிம்பைத்தான் வளர்க்கும்.

மணி உதிர்வதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சலங்கையைத் தளர்வாகக் கட்டினால், தட்டும் ஒவ்வொரு முறையும் பட்டை மேலும் கீழும் குதித்து நூலை இழுக்கும். முன்பாதத்தில் குதித்துக் குதிகாலைத் தட்டும் ‘குதித்து மெட்டடவு’ ஆடும்போது இது இன்னும் அதிகம். வாருக்கும் காலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற அளவுக்கு இறுக்கம் வேண்டும். உதிர்ந்த இடத்தில், செருப்புத் தைப்பவரிடம் மெழுகு பூசிய நைலான் நூலால் பழைய துளை வழியாகவே தைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் புதுத் துளை போட்டால் தோல் கிழியும். ஒரே நூலில் வரிசையாகக் கோத்த சலங்கை என்றால் அந்த வரிசை முழுவதையும் மாற்றிவிடுவது நல்லது. கம்பி போட்டுக் கட்டாதீர்கள், முனை காலைக் கிழிக்கும்.

கேள்வி: மழைக்காலத்தில் தோலில் வெள்ளையாகப் பூசணம் பிடிக்கிறது. வெயிலில் காய வைக்கலாமா?

பதில்: வெயிலில் தோல் சுருங்கி வெடிக்கும். பூசணத்தை வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, ஃபேன் காற்றில் ஓர் இரவு பரப்பி வையுங்கள். வகுப்பு முடிந்ததும் வியர்வையோடு பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைப்பதால்தான் பூசணம் வருகிறது, துணிப்பைக்கு மாறுங்கள். பூஜையன்று சந்தனம் வைப்பதானால் மணியின் மேல் ஒரு பொட்டு போதும். தையலில் படிந்த ஈரச் சந்தனத்திலும் பூசணம் பிடிக்கும்.