பேனாவால் எழுத வேண்டியதும் பென்சிலால் எழுத வேண்டியதும்

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறேன். எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. குரூப் 4 தேர்வு இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கொஞ்சத்தில் போய்விட்டது. தமிழும் கணக்கும் பரவாயில்லை, நடப்பு நிகழ்வுகள்தான் காலை வாருகிறது. டெலிகிராமில் ஏழெட்டுக் குழுக்களில் இருக்கிறேன். தினமும் வரும் பிடிஎஃப்பைப் பார்த்து எழுதியே மூன்று நோட்டு நிரம்பிவிட்டது. ஆனால் தேர்வு அறையில் ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை. எத்தனை மாதச் செய்தி படிக்க வேண்டும்? உலகச் செய்தி எவ்வளவு வேண்டும்? 499 ரூபாய்க்கு ஓராண்டுத் தொகுப்பு ஒன்று விற்கிறார்கள், வாங்கலாமா?

பதில்: நோட்டுப் பக்கங்களின் படங்களையும் அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. வலப்பக்கம் மட்டும் எழுதி இடப்பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்கள். ஒரு பக்கத்தில் ‘12.12.2024 - குகேஷ் - உலக செஸ் சாம்பியன் - சிங்கப்பூர் - டிங் லிரென்’ என்று இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வங்கியின் புதிய தலைவர், அதற்கும் கீழே ஏதோ இரண்டு நாடுகளின் கூட்டு ராணுவப் பயிற்சி, அப்புறம் ஒரு ‘உலக தினம்’. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இப்படி எழுதினால் யாருக்கும் நிற்காது. உங்கள் ஞாபக சக்தியைக் குறை சொல்லாதீர்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. குரூப் 4-இல் மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் 100 தமிழ், 25 திறனறிவு, மீதி 75தான் பொது அறிவு. அறிவியல், வரலாறு, புவியியல், அரசியலமைப்பு, பொருளாதாரம், தமிழகப் பண்பாடு எல்லாம் அந்த 75-க்குள் அடக்கம். அதில் ஒரு துண்டுதான் நடப்பு நிகழ்வு. நீங்கள் அந்தத் துண்டுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் கொடுத்திருக்கிறீர்கள். கடை விட்டு வீட்டுக்கு வரவே ராத்திரி பத்தாகும் ஒருவருக்கு இது கட்டுப்படியாகாத செலவு. அரை மணி நேரம் போதும். ஆனால் அந்த அரை மணியில் செய்கிற வேலையை மாற்ற வேண்டும்.

கேள்வி எடுப்பவர் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். நேற்றைய தலைப்புச் செய்தியை அவர் கேட்க முடியாது. வினாத்தாள் தேர்வுக்கு நெடுநாள் முன்பே தயாராகி அச்சுக்குப் போயிருக்கும். நாளை மாறிவிடக்கூடிய செய்தியைக் கேட்டால் விடைக்குறிப்பில் ஆட்சேபம் வரும், அந்தத் தலைவலி அவருக்கு எதற்கு? அதனால் செய்தியை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு, அதன் பின்னால் அசையாமல் இருக்கும் சட்டத்தையோ ஆண்டையோ அமைப்பையோ கேட்பார். நீங்கள் செய்தியைப் படித்தீர்கள். அவர் கேட்டது பின்னால் இருந்ததை.

எனவே என் மாணவர்களிடம் பேனா ஒன்று, பென்சில் ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். இனி மாறாததைப் பேனாவால் எழுத வேண்டும். மாறக்கூடியதைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் தேதி போட வேண்டும்.

உங்கள் நோட்டில் ஒரு வரி: ‘8.4.2025 - ஆளுநர் வழக்கு - தமிழ்நாடு வெற்றி’. அவ்வளவுதான் எழுதியிருக்கிறீர்கள். நான் என்றால் இந்த ஒரு வரிக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குவேன், ஏனென்றால் அரசியலமைப்புப் பாடத்தில் பாதி இதற்குள் இருக்கிறது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா ஆளுநரிடம் போனால் அவர் என்ன செய்யலாம் என்பது பிரிவு 200. ஒப்புதல் தரலாம், நிறுத்தி வைக்கலாம், குடியரசுத் தலைவருக்காக ஒதுக்கி அனுப்பலாம். பண மசோதா தவிர மற்றதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். சட்டமன்றம் அதை மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால், ஒப்புதலை நிறுத்தி வைக்க முடியாது. அப்படி ஒதுக்கி அனுப்பப்பட்ட மசோதாவைக் குடியரசுத் தலைவர் என்ன செய்யலாம் என்பது பிரிவு 201. தமிழ்நாட்டின் பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2025 ஏப்ரல் 8 அன்று சொன்னது. அதற்குக் கையில் எடுத்த அதிகாரம் பிரிவு 142, அதாவது முழுமையான நீதி வழங்கத் தேவையான உத்தரவைப் பிறப்பிக்கும் அதிகாரம்.

கதை அதோடு முடியவில்லை. உங்கள் நோட்டில் முடிந்துவிட்டது. அடுத்த மாதமே குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டு அனுப்பினார். அது பிரிவு 143. ஐந்து நீதிபதிகள் அமர்வு 2025 நவம்பர் 20 அன்று கருத்துச் சொன்னது. ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, பிரிவு 142-ஐக் கொண்டு ‘ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளலாம்’ என்றும் சொல்ல முடியாது. ஆனால் காரணமே இல்லாமல் நீண்ட காலம் கிடப்பில் போட்டால் குறைந்த அளவில் தலையிடலாம். இப்போது பாருங்கள், 200, 201, 142, 143 நான்கும் ஒரே கதையில் வந்துவிட்டன. இவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் ஒரு வாரம் நிற்பதே சந்தேகம். தீர்ப்பை வழங்கியவர்களின் பெயரையும் தேதியையும் பேனாவால் எழுதலாம். அடுத்து வரும் வழக்குகளால் நிலைமை மாறலாம் என்பதால், ‘இப்போதைய நிலை’ என்ற வரி மட்டும் பென்சில்.

இன்னொன்று உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. திருவொற்றியூரில் இருந்து வடக்கே போனால் எண்ணூர், அதைத் தாண்டினால் அடுத்தடுத்து இரண்டு துறைமுகங்கள். காமராசர் துறைமுகம் ஒன்று, காட்டுப்பள்ளி இன்னொன்று. கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொள்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். சட்டத்துக்கு அப்படி இல்லை. காமராசர் துறைமுகம் ‘பெரிய துறைமுகம்’, மத்திய அரசின் கீழ் வருவது. தமிழ்நாட்டில் அப்படி மூன்று: சென்னை, எண்ணூர் காமராசர், தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார். காட்டுப்பள்ளி தனியார் நடத்துவது, பெரிய துறைமுகம் என்ற வகைக்குள் வராதது. இப்போது ஒரு மாதிரிக் கேள்வி: ‘1. பெரிய துறைமுகங்கள் மத்தியப் பட்டியலில் உள்ளன. 2. மற்றத் துறைமுகங்கள் மாநிலப் பட்டியலில் உள்ளன. எது சரி?’ என் வகுப்பில் பத்துக்கு எட்டுப் பேர் இரண்டும் சரி என்பார்கள். இரண்டாவது தவறு. மற்றத் துறைமுகங்கள் பொதுப்பட்டியலில், அதாவது மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பட்டியலில் இருக்கின்றன. துறைமுகம் பற்றிச் செய்தித்தாளில் எது வந்தாலும், அது மகாராஷ்டிரத்தின் வாதவன் துறைமுகத்துக்கு 2024 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டிய செய்தியானாலும், எண்ணூர்ச் செய்தியானாலும், போய்ச் சேருகிற பாடம் இதுதான். இதோடு ஒரு வரி: 1963-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் பெரிய துறைமுக ஆணையங்கள் சட்டம் வந்தது.

எண்ணூர் என்றதும் 2023 டிசம்பர் நினைவுக்கு வராமல் இருக்காது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றில் கலந்து முகத்துவாரம் முழுக்கப் படிந்ததும், அந்த மாதக் கடைசியிலேயே அமோனியா கசிந்து ராத்திரியோடு ராத்திரியாக மக்கள் ஓடியதும் நீங்கள் கண்ணால் பார்த்தவை. தேர்வுக்கு இதிலிருந்து எடுக்க வேண்டியது இரண்டு. ஒன்று, தேசிய பசுமைத் தீர்ப்பாயம். அதன் சட்டம் 2010, தென்மண்டல அமர்வு சென்னையில். எண்ணெய்க் கசிவைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது அந்த அமர்வுதான். இரண்டு, புயலுக்குப் பெயர் வைக்கும் முறை. வங்கக்கடல், அரபிக்கடல் புயல்களுக்கு 13 நாடுகள் கொடுத்த பட்டியலில் இருந்து வரிசையாகப் பெயர் எடுக்கிறார்கள். மிக்ஜாம் மியான்மர் கொடுத்தது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் சவுதி அரேபியா கொடுத்தது. மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திரத்தின் பாபட்லா அருகே. தண்ணீர் நம் வீட்டுக்குள் வந்ததால் சென்னையில் கடந்தது என்று எழுதிவிட்டு வருபவர்கள் உண்டு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இதே மாதிரிப் பெரிய பக்கம் கேட்கும். 2021-இல் நடந்திருக்க வேண்டியது 2027-க்குப் போயிருக்கிறது. டிஜிட்டல் முறை, கூடவே சாதிக் கணக்கு. பேனாவால் எழுத வேண்டியவை: 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், இது மத்தியப் பட்டியலில் இருப்பது, நாடு முழுவதும் ஒரே நேரத்தில் நடந்த முதல் கணக்கெடுப்பு 1881. சட்டமன்ற, நாடாளுமன்றத் தொகுதிகளில் மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு தரும் 106-ஆவது திருத்தம் 2023-இல் வந்தாலும், கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அது நடைமுறைக்கு வரும் என்று அந்தத் திருத்தமே சொல்கிறது. இந்த முடிச்சைப் புரிந்துகொண்டவருக்குக் கூற்று - காரணம் வகைக் கேள்வி தண்ணீர் பட்ட பாடு.

உலகச் செய்திக்கு வருவோம். நீங்கள் பயப்படும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. எந்த நாட்டில் எந்த அமைச்சர் ராஜினாமா செய்தார் என்பதை விட்டுவிடுங்கள். அமைப்புகளைப் பிடியுங்கள். ஜி20-இல் ஆப்பிரிக்க ஒன்றியம் சேர்ந்தது 2023 புதுடெல்லி மாநாட்டில். அடுத்து 2024 ரியோ, 2025 ஜோகன்னஸ்பர்க். நேட்டோவில் 31-ஆவதாக பின்லாந்து, 32-ஆவதாக ஸ்வீடன். காலநிலை மாநாடு 28 துபாய், 29 பாகு, 30 பிரேசிலின் பெலெம். பிரிக்ஸில் 2024-இல் எகிப்து, எத்தியோப்பியா, ஈரான், ஐக்கிய அரபு அமீரகம் சேர்ந்தன, 2025-இல் இந்தோனேசியா. சவுதி அரேபியாவை ஒரு தொகுப்பு சேர்க்கும், இன்னொன்று விட்டுவிடும். அதனால் மொத்த எண்ணிக்கை பென்சில், சேர்ந்த ஆண்டு பேனா. நோபல் பரிசில் இலக்கியமும் அமைதியும் முதலில்: 2024-இல் தென் கொரியாவின் ஹான் காங், ஜப்பானின் நிஹோன் ஹிடான்கியோ அமைப்பு, 2025-இல் ஹங்கேரியின் லாஸ்லோ கிராஸ்னஹோர்கை, வெனிசுலாவின் மரியா கொரினா மச்சாடோ. அறிவியல் பரிசுகளில் ஆளின் பெயரோடு எதற்காகக் கொடுத்தார்கள் என்று ஒரு வரி. போதும்.

விளையாட்டில் எல்லாத் தொடரின் எல்லா முடிவும் வேண்டாம். குகேஷ் பக்கத்தில் ‘18 வயது, மிக இளைய உலக சாம்பியன்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கடைக்குப் பக்கத்தில் செரியன் நகரில் இருந்து போன காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். அதை நோட்டில் காணோமே! தமிழ்நாட்டுத் தேர்வுக்குத் தமிழ்நாட்டு வீரர் முதலில், மற்றவர் அப்புறம்.

எத்தனை மாதம் என்று கேட்டிருந்தீர்கள். என் கணக்கில், தேர்வு நாளில் இருந்து பின்னோக்கி ஓராண்டு. அதில் கடைசி இரண்டு மாதத்துக்குத் தலைப்புகளை மேலோட்டமாகப் பார்த்தால் போதும். சட்டம், திருத்தம், மாநில அரசுத் திட்டம் இந்த மூன்றுக்கும் ஓராண்டுக் கணக்கு செல்லாது, நான்கைந்து ஆண்டு பின்னால் போக வேண்டும்.

499 ரூபாயை இப்போதைக்குப் பையிலேயே வையுங்கள். நான் தேர்வு எழுதிய காலத்தில் ஒரு பயிற்சி மையத்தில் இப்படி ஒரு தொகுப்பு வாங்கினேன். ஒரே விருதுக்கு 40-ஆவது பக்கத்தில் ஒருவர் பெயர், 212-ஆவது பக்கத்தில் வேறொருவர். எதை நம்புவது என்று தெரியாமல் இரண்டையும் படித்துத் தொலைத்தேன். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மாதிரிப் பக்கம் கேளுங்கள். அதில் ஐந்து தகவலை எடுத்து மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலக வெளியீட்டோடு ஒப்பிடுங்கள், அது தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். மாநிலத் திட்டங்களுக்கு இதைவிட நல்ல சரக்கு ஒன்று உண்டு, பலர் தொடுவதே இல்லை: சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறையும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு. அரசு இணையதளத்தில் சும்மா கிடைக்கிறது. திட்டம் எப்போது தொடங்கியது, யாருக்கு, எவ்வளவு என்று துறையே எழுதி வைத்திருக்கும். உங்கள் ஏழெட்டுக் குழுக்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றில் இருந்து வெளியே வாருங்கள். மெட்ரோவில் வரும் நேரம் தலைப்புகளைப் பார்க்கப் போதும், எழுதுவது வீட்டில்.

அந்த மூன்று நோட்டையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் காலியாக விட்டிருக்கும் இடப்பக்கம்தான் இனி வேலை நடக்க வேண்டிய இடம். ‘திட்டங்கள்’ என்று தலைப்பிட்ட பக்கத்தில் ‘புதுமைப்பெண் - 5.9.2022 - மாதம் 1,000’ என்று ஒரு வரி இருக்கிறது. இன்று ராத்திரி அதில் இருந்து ஆரம்பியுங்கள். எதிர்ப்பக்கத்தில் பேனாவால்: தொடங்கிய இடம் சென்னை பாரதி மகளிர் கல்லூரி. முழுப்பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். 1989-இல் அவர் பெயரில் வந்த திருமண உதவித் திட்டம்தான் இப்படி மாற்றப்பட்டது. அவர் தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியவர். அந்த முறையை ஒழித்த சென்னை மாகாணச் சட்டம் 1947, அதற்காகப் பாடுபட்ட இன்னொருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பென்சிலால்: யாருக்கெல்லாம் இந்தத் தொகை கிடைக்கும் என்ற வரி. முதலில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மட்டும் இருந்தது, பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். அந்தப் பக்கத்தை முடித்ததும் படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.