ஆதவனின் படத்தை எடுத்துவிடலாமா?

அன்புள்ள ஐயா,

நான் 1979-இல் மத்திய அரசுப் பணிக்காகத் தில்லிக்கு வந்தவன். ஓய்வு பெற்று இப்போது துவாரகாவில் வசிக்கிறேன். எங்கள் பகுதித் தமிழர்கள் சேர்ந்து, எண்பதுகளில் மறைந்த பிரபலங்களை நினைவுகூரும் ஒரு மாலை நிகழ்ச்சியை அடுத்த மாதம் நடத்தவிருக்கிறோம். கூடத்தின் சுவரில் பன்னிரண்டு படங்களுக்குத்தான் இடம் இருக்கிறது. எம்.ஜி.ஆர்., இந்திரா காந்தி, காமராஜர், கண்ணதாசன், சாவித்திரி, கே.பி.சுந்தராம்பாள், பாலசரஸ்வதி, ருக்மிணி தேவி, சாண்டில்யன், நா.பார்த்தசாரதி, தி.ஜானகிராமன், ஆதவன் என்று எழுதி வைத்திருக்கிறோம்.

குழுவில் உள்ள இளைஞர்கள் “ஆதவன் யார்?” என்று கேட்கிறார்கள். பிரபலம் என்றால் நாலு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா, அவருக்குப் பதில் கிஷோர் குமாரைப் போட்டால் பக்கத்து வீட்டு இந்திக்காரர்களும் வருவார்களே என்கிறார்கள். எனக்கு ஆதவன் கதைகள் பிடிக்கும். ஆனால் அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. கே.பி.எஸ். காலமானது 1980-இல். அது எண்பதுகளில் சேருமா என்றும் ஒரு விவாதம் ஓடுகிறது. தங்கள் கருத்தை எழுத வேண்டும்.

எஸ்., புதுதில்லி

அன்புள்ள எஸ். சார்,

ஆதவனின் படத்தை எடுக்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த இரவே பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். அதில் அப்பாவின் டைரிகள் இருக்கின்றன. நாங்கள் அப்போது லோதி காலனி அரசுக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா ஓர் அமைச்சகத்தில் எழுத்தர். வருடா வருடம் எல்.ஐ.சி. முகவர் கொடுக்கும் டைரியில் அவர் மூன்று விஷயங்களைத்தான் எழுதுவார்: மளிகைக் கணக்கு, ஊருக்கு அனுப்பிய மணியார்டர், யார் இறந்தார் என்ற செய்தி.

1982 நவம்பர் 18-ஆம் தேதிப் பக்கத்தில் நீல மையில் “தி.ஜா. போய்விட்டார்” என்று இருக்கிறது. மறுநாள் பக்கத்தில் “ஆசிய விளையாட்டு ஆரம்பம். எதிர் வீட்டில் கலர் டி.வி.” என்று இருக்கிறது. அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்குப் பன்னிரண்டு வயது. நேரு ஸ்டேடியம் எங்கள் குடியிருப்புக்குக் கூப்பிடு தூரம். எதிர் வீட்டுக் கூடத்தில் இருபது பேர் நெருக்கியடித்துக்கொண்டு தொடக்க விழாவைப் பார்த்தோம். டி.வி.யில் எழுந்த ஆரவாரம் ஜன்னல் வழியாகவும் வந்தது. ஒரே சத்தத்தை இரண்டு பக்கமிருந்தும் கேட்டது அந்த வயதில் பெரிய அதிசயம். அப்பா மட்டும் வரவில்லை. கூப்பிடப் போனேன். வராந்தாவில் தி.ஜா.வின் ‘மோகமுள்’ நாவலை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். யார் செத்துப்போனது என்று கேட்டேன். “இந்த ஊரில் இருந்துகொண்டே காவிரிக்கரையை எழுதியவர்” என்றார்.

தி.ஜா. அறுபதுகளின் இறுதியில் தில்லி வானொலிக்கு வந்தவர், கல்வி ஒலிபரப்பில் பணியாற்றியவர். நாம் ஏறிய அதே டி.டி.சி. பஸ்கள் ஓடிய ஊரில், அதே ஜனவரிக் குளிரில் பல வருடங்கள் வாழ்ந்தார். மறைந்தது சென்னையில் என்பதால் அவரைத் தில்லியோடு சேர்த்து நினைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒருவர் இறந்த இடத்தில்தான் நினைவுச் சின்னம் எழுகிறது, இரங்கல் கூட்டம் நடக்கிறது. அவர் பல வருடம் காய்கறி வாங்கிய ஊர் விட்டுப்போய்விடுகிறது. உங்கள் சுவர் தில்லிச் சுவர் என்பதை மறந்துவிடாதீர்கள் என்றுதான் நான் உங்கள் குழுவிடம் கேட்டுக்கொள்வேன்.

அடுத்து இந்திரா காந்தி. 1984 அக்டோபர் 31 புதன்கிழமை காலையில் சுடப்பட்டார். பி.பி.சி. முன்பே சொல்லிவிட்டது, ஆகாசவாணி மாலையில்தான் அறிவித்தது. அப்பாவின் டைரியில் அந்தப் பக்கம் முழுவதும் எழுத்து. ஆனால் நவம்பர் 1, 2, 3 மூன்று பக்கங்களிலும் இரண்டே சொற்கள்: “பால் வரவில்லை.”

அந்த மூன்று நாட்கள் தில்லியில் சீக்கியர்களைத் தேடித் தேடித் தாக்கினார்கள். எங்கள் மாடியில் குடியிருந்த சர்தார்ஜி குடும்பம் எங்கள் வீட்டில் இருந்தது. கணவன், மனைவி, இரண்டு பையன்கள். இரண்டாம் நாள் அவர்களுடைய தலைப்பாகைத் துணிகளை அம்மா துவைத்தார். வெளியே கொடியில் போட முடியாது. அவ்வளவு நீளத் துணி காய்வதைக் கீழே இருந்து யார் பார்த்தாலும் உள்ளே இருப்பது யார் என்று தெரிந்துவிடும். சமையலறைக்குள் கயிறு கட்டி, தன் ஒன்பது கஜப் புடவைகளுக்கு நடுவில் புடவையோடு புடவையாகப் போட்டார். ஒன்று கருநீலம், ஒன்று குங்குமப்பூ நிறம். அவை காய இரண்டு நாள் ஆயிற்று. அந்த ஈரத் துணிக்கு அடியில் உட்கார்ந்துதான் நாங்கள் எட்டுப் பேரும் சாப்பிட்டோம்.

தில்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டதாக அரசு அமைத்த குழுவே பின்னர் கணக்குச் சொன்னது. இந்திராவின் படத்தை அவசியம் வையுங்கள். கீழே அந்த எண்ணையும் ஒரு வரியில் எழுதுங்கள். பன்னிரண்டு படச் சட்டங்களில் அவர்களுக்கு இடமில்லை, அந்த ஒரு வரிக்கு இடம் இருக்கும். குழுவில் யாராவது அரசியல் வேண்டாம் என்று சொன்னால் என் பெயரைச் சொல்லுங்கள், நான் வந்து பேசுகிறேன்.

சில பெயர்களைச் சுருக்கமாக முடித்துவிடலாம். காமராஜர் எண்பதுகளில் இல்லை. அவர் காலமானது 1975 அக்டோபர் 2, நெருக்கடி நிலைக் காலத்தில். அவருக்கு இன்னொரு மாலை தனியாக வேண்டும். கே.பி.எஸ். விஷயத்தில் விவாதமே தேவையில்லை. எண்பதுகள் என்றால் எண்பதும் அதில்தான் வரும், கொடுமுடியின் அந்தக் குரலை வருடக் கணக்குப் பார்த்து வெளியே நிறுத்தாதீர்கள். கண்ணதாசனும் சாவித்திரியும் 1981-இல் இரண்டு மாத இடைவெளியில் போனவர்கள். அவர் சிகாகோவில் அக்டோபர் 17-இல், இவர் சென்னையில் டிசம்பர் 26-இல், ஒரு வருடத்துக்கும் மேல் நினைவு திரும்பாமல் கிடந்த பிறகு. பாலசரஸ்வதியையும் ருக்மிணி தேவியையும் அருகருகே மாட்டுங்கள். நாட்டியத்தில் சிருங்காரத்துக்கு என்ன இடம் என்பதில் நேர் எதிராக நின்ற இருவரும் இரண்டு வருட இடைவெளியில், இரண்டு பிப்ரவரிகளில் மறைந்தார்கள்.

1987-ஐப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வருட டைரியைப் புரட்டினால் கை நடுங்குகிறது. ஜூலை 19 ஆதவன். செப்டம்பர் 11 சாண்டில்யன். டிசம்பர் 13 நா.பா. பதினோரு நாள் கழித்து, டிசம்பர் 24, எம்.ஜி.ஆர்.

அப்பா எம்.ஜி.ஆர். ரசிகர் இல்லை. ஆனாலும் அன்று அவர் அலுவலகம் போகவில்லை. காரணம், எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா. ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் இருந்து நடந்து வருவார். அன்று காலை முகம் வீங்கி வந்து நின்றார். பாத்திரம் தேய்க்கவில்லை. “ஐயா, ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வையுங்கள். எங்கள் பக்கத்தில் இந்தியில்தான் சொல்கிறார்கள். தமிழில் கேட்டால்தான் மனசு ஒப்பும்” என்றார். தமிழ்ச் செய்தி முடியும்வரை தரையில் உட்கார்ந்து கேட்டார். பிறகு அழுதார். அப்பா தன் கையால் காபி போட்டுக் கொடுத்தார். அந்த வீட்டில் அவர் அடுப்பைத் தொட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

ஆகவே எம்.ஜி.ஆர். படம் உங்கள் சுவரில் இருக்க வேண்டியது அந்த அக்கா போன்றவர்களுக்காக. அந்த மதராசி கேம்ப் 2025 ஜூனில் இடிக்கப்பட்டுவிட்டது. தகுதி உண்டு என்று கணக்கிடப்பட்டவர்களுக்கு நரேலாவில் வீடு, மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. துவாரகாவில் இருந்து நரேலா தூரம்தான். ஒரு வண்டி ஏற்பாடு செய்து அவர்களை நிகழ்ச்சிக்கு அழைத்து வாருங்கள். எம்.ஜி.ஆர். படத்துக்கு அவர்களில் ஒருவர் மாலை போடட்டும். மேடையில் உட்கார வைக்க அதிகாரிகளைத் தேடி அலைவதைவிட இது நல்ல காரியம்.

இனி ஆதவன். ஜூலை 19-ஆம் தேதிப் பக்கம் காலியாக இருக்கிறது. சில நாள் கழித்துத்தான் அப்பாவுக்குச் செய்தி தெரிந்திருக்கிறது. வேறொரு பக்கத்தில், மளிகைக் கணக்குக்கு அடியில், “ஆதவன். சிருங்கேரி, துங்கா நதி. 45 வயது” என்று மட்டும் இருக்கிறது. ‘வயது’ என்ற சொல்லின் கீழே இரண்டு கோடுகள்.

கல்லிடைக்குறிச்சியில் பிறந்து, தில்லியில் வளர்ந்து, இங்கே படித்து, இங்கே வேலை பார்த்தவர். நேஷனல் புக் டிரஸ்ட் பணியில் பெங்களூருக்கு மாற்றலாகிப் போன பிறகு அந்த நதியில் மூழ்கி இறந்தார். அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டது இறந்த பிறகுதான். ‘காகித மலர்கள்’ தில்லியில் வாழும் ஓர் உயர் அதிகாரியின் தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய நாவல். அதை இப்போது எடுத்துப் படியுங்கள். வீட்டில் ஒரு மொழி, கல்லூரியில் ஒரு மொழி, நண்பர்களிடம் ஒரு முகம், அப்பாவிடம் இன்னொரு முகம், எது தன் முகம் என்று தெரியாத தவிப்பு. சார், “ஆதவன் யார்?” என்று உங்களைக் கேட்டார்களே அந்த இளைஞர்கள், அவர்களைப் பற்றித்தான் அவர் வாழ்நாள் முழுவதும் எழுதினார். இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளின் மனதுக்குள் அவ்வளவு தூரம் போய்ப் பார்த்தவரை, அந்தப் பிள்ளைகளே யார் என்று கேட்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அவர்கள் மேல் தவறில்லை. நாம் கொடுக்கவில்லை.

கிஷோர் குமார் எனக்கும் உயிர். 1987 அக்டோபர் 13-ஐ அப்பாவே குறித்து வைத்திருக்கிறார். ஆனால் அவரை நினைக்க இந்த நாடே இருக்கிறது. எந்த ஆட்டோவில் ஏறினாலும் அவர் பாடுகிறார். தில்லி ஆதவனை நினைக்கத் தில்லித் தமிழர்களைத் தவிர யார் வருவார்கள்?

காமராஜரை எடுத்துவிட்டால் ஒரு சட்டம் காலியாகும். அதில் க.நா.சு.வை வையுங்கள். 1988 டிசம்பரில், இதே தில்லியில் மறைந்தவர். ‘பொய்த்தேவு’ எழுதியவர், நட் ஹாம்சனின் நாவலை ‘நிலவள’மாகத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். நல்ல எழுத்தாளர் யார் என்று ஓயாமல் பட்டியல் போட்டு, அதற்காகவே ஓயாமல் திட்டு வாங்கியவர். அவர் இல்லாத ஒரு பட்டியலைத் தில்லித் தமிழர்களே போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தபோது வருத்தமாக இருந்தது.

இன்னொரு யோசனை. படத்துக்கு முன்னால் நின்று வாழ்க்கை வரலாறு வாசிக்க வேண்டாம். பிறந்த தேதியும் பெற்ற விருதும் கைபேசியிலேயே கிடைக்கும். எழுத்தாளர்களின் புத்தகத்தில் இருந்து ஒரு பத்தியைச் சத்தமாகப் படியுங்கள். பாடியவர்களைப் பாட விடுங்கள். படிப்பதற்கு அந்த இளைஞர்களையே கூப்பிடுங்கள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்தாலும் பரவாயில்லை, திருத்தாமல் கேளுங்கள்.

ஆதவன் படத்துக்கு மாலை போட வேண்டாம். என்னிடம் ‘காகித மலர்கள்’ இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்றை இந்த வாரம் தபாலில் அனுப்புகிறேன். படத்துக்குக் கீழே ஒரு ஸ்டூல் போட்டு அதை வையுங்கள். நிகழ்ச்சி முடிந்து யாராவது அதை எடுத்துக்கொண்டு போனால் தடுக்காதீர்கள்.