பாண்டுக்கு முன்னால் ஒரு பறக்கும் கார்

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. ஜேம்ஸ் பாண்ட் படம் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். “நாமெல்லாம் சின்ன வயசில் பார்க்கவில்லையா?” என்கிறார் கணவர். எனக்கு மனசு வரவில்லை. சிறுவர்களுக்கென்றே பாண்ட் கார்ட்டூனும் புத்தகங்களும் இருக்கின்றனவாமே, எதைக் கொடுக்கலாம்? ஆங்கிலம் நன்றாகவே படிப்பான்.
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் கணவர் நிஜமாகவே படம்தான் பார்த்தாரா என்று விசாரியுங்கள். ராணி காமிக்ஸில் படித்த பாண்டைத் திரையில் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருக்கலாம். எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

கார்ட்டூனின் பெயர் ‘ஜேம்ஸ் பாண்ட் ஜூனியர்’. 1991இல் தொடங்கி 65 பகுதிகள் வந்தன. ஜூனியர் என்றதும் மகன் என்றுதானே நினைப்போம்? இல்லை, 007க்கு இவன் ‘நெஃப்யூ’. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். அண்ணன் பிள்ளையா, அக்கா பிள்ளையா என்று குழம்புவதெல்லாம் நாம்தான். கருவிகள் செய்து தரும் க்யூவின் பேரன் இவனோடு படிக்கிறான், சி.ஐ.ஏ. நண்பர் ஃபீலிக்ஸ் லைட்டரின் மகனும் படிக்கிறான். படங்களில் வரும் வில்லன்களும் உண்டு, டாக்டர் நோவுக்கு மட்டும் உடம்பெல்லாம் பச்சை நிறம்! தாராளமாகக் காட்டலாம், கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு பகுதி பார்த்ததும் ‘போரடிக்குதும்மா’ என்பான் என்பது என் கணக்கு.

புத்தகங்கள் வேறு ரகம். சார்லி ஹிக்சன் எழுதிய ‘யங் பாண்ட்’ வரிசையில் முதல் நாவல் ‘சில்வர்ஃபின்’, 2005இல் வந்தது. 2008க்குள் ஐந்து நாவல்கள் எழுதிவிட்டார். பிறகு ஸ்டீவ் கோல் நான்கு எழுதினார். இங்கே வருவது உறவுக்காரப் பையன் இல்லை, சாட்சாத் பாண்டேதான், 1930களில் ஈட்டன் பள்ளியில் படிக்கும் சிறுவனாக. பதினோரு வயதில் அப்பாவும் அம்மாவும் மலையேற்ற விபத்தில் இறந்துபோக, அத்தை சார்மியன் வளர்க்கிறாள். இது ஹிக்சன் கற்பனை இல்லை. பாண்டைப் படைத்த இயான் ஃபிளெமிங் ஒரு நாவலில் இரங்கல் குறிப்பு மாதிரி போகிறபோக்கில் எழுதிய சில வரிகள். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஹிக்சன் ஒரு பிள்ளைப் பருவத்தையே கட்டியிருக்கிறார்.

எனக்கு ரொம்பப் பிடித்த வரிசை. ஆனாலும் இப்போதே கொடுக்காதீர்கள். ‘சில்வர்ஃபின்’ தொடக்கத்திலேயே ஒரு சிறுவன் வேலிக்கு அடியில் நுழைந்து ஸ்காட்லாந்து ஏரி ஒன்றில் திருட்டுத்தனமாக மீன் பிடிக்கப் போகிறான். தண்ணீருக்குள் விலாங்கு மீன்கள் மொய்த்துக்கொள்கின்றன. அந்தச் சில பக்கங்களை நீங்கள் முதலில் படித்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதுக்கு அருமையான பயம், பத்து வயதுக்கு ராத்திரி லைட்டை அணைக்க விடமாட்டான்.

அப்போ இந்த இரண்டு வருஷத்துக்கு என்ன செய்வது? ஃபிளெமிங்கே தன் மகன் காஸ்பருக்காக ஒரு கதை எழுதினார்: ‘சிட்டி-சிட்டி-பேங்-பேங்’. 1961இல் மாரடைப்பு வந்து படுக்கையில் இருந்தபோது எழுதியது. 1964 ஆகஸ்ட் 12, காஸ்பருக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாள். அன்றுதான் அவர் இறந்தார். புத்தகம் அதற்குப் பிறகே வெளியானது. பழைய ரேஸ் கார் ஒன்று பறக்கும், கடலில் மிதக்கும். ஒரு குகை நிறைய வெடிமருந்து, கொள்ளைக் கூட்டம், கடத்தப்படும் இரட்டைக் குழந்தைகள் என்று பாண்ட் சரக்கு அத்தனையும் இதில் உண்டு, அழகிகள்தான் இல்லை. 1968இல் வந்த படத்தில் கதை ரொம்பவே மாறிவிட்டது, அதனால் புத்தகத்தையே வாங்குங்கள்.

கடைசிப் பக்கங்களில், கதையில் வரும் பாரீஸ் மிட்டாய்க் கடைக்காரரின் சாக்லேட் ஃபட்ஜ் செய்முறையும் இருக்கிறது. பையன் கட்டாயம் செய்து பார்க்கிறேன் என்பான். சரி என்று சொல்லுங்கள், ஆனால் பாகு கொதிக்கும்போது பக்கத்தில் அவன் அப்பா நிற்கட்டும்.