பிளாக்கி உறுமுவதை நிறுத்தியது ஏன்?

கேள்வி: எனக்கு இப்போது 32 வாரம். எங்கள் நாய் பிளாக்கிக்கு நான்கு வயது. வளைகாப்புக்கு வந்த பொம்மைகளை எல்லாம் எடுத்துப் போய்க் கடிக்கிறது. ஒருமுறை முயல் பொம்மையைப் பிடுங்கப் போனபோது என்னைப் பார்த்து உறுமியது. கணவர் மூக்கில் நாலு தட்டுத் தட்டியதும் அந்தப் பழக்கம் போய்விட்டது. நாய் முடி குழந்தையின் நுரையீரலுக்குள் போகுமா? ஆஸ்துமா வருமா? இணையத்தில் டாக்ஸோபிளாஸ்மா பற்றிப் படித்துப் பயந்து, பூச்சி மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். மாமியார் பிளாக்கியைச் சுங்கைப்பட்டாணியில் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்கிறார். பிரசவத்துக்குள் அதைப் பழக்க முடியுமா, டாக்டர்?
வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு, மலேசியா

பதில்: அந்த மாத்திரையை விழுங்காதீர்கள். டாக்ஸோபிளாஸ்மா பூச்சியே அல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. குடல் புழுவுக்கு விற்கிற மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. தவிர, அது முழு வளர்ச்சி பெற்று வெளியேறுவது பூனையின் குடலிலிருந்து. நாயின் குடலில் அது அப்படி வளர்வதில்லை. கர்ப்பிணி ஒதுக்க வேண்டியவை அரைவேக்காட்டு இறைச்சி, சரியாகக் கழுவாத கீரை, பூனை அசுத்தம் செய்த மண். நள்ளிரவில் கைப்பேசியில் நோய் தேடுகிறவர்களுக்கு விடிவதற்குள் எல்லா நோயும் வந்துவிடுகிறது. பூச்சி மருந்து உண்மையில் வேண்டியிருப்பது பிளாக்கிக்குத்தான். வளர்ந்த நாய்க்குப் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். கால்நடை மருத்துவர் எடை பார்த்துக் கொடுக்கட்டும். 'வாங்கியதை வீணாக்குவானேன்' என்று உங்கள் மாத்திரையை உடைத்து அதற்கு ஊட்டிவிடாதீர்கள்.

முடிக்குப் பயப்பட வேண்டாம், மூக்கே அதைத் தடுத்துவிடும். முதல் வயதில் நாயோடு வளர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா சற்றுக் குறைவாகவே இருந்தது என்று 2015-இல் வெளிவந்த பெரிய சுவீடன் ஆய்வு ஒன்று சொல்கிறது. அதற்காக யாரும் புதிதாக நாய் வாங்க வேண்டியதில்லை. இருக்கிற நாயைத் துரத்தவும் வேண்டியதில்லை. உங்களுக்கோ கணவருக்கோ நாயால் ஏற்கெனவே மூச்சிரைப்பு வருகிறது என்றால் சொல்லுங்கள், அது வேறு கதை.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறொரு வரி. 'தட்டியதும் அந்தப் பழக்கம் போய்விட்டது' என்று நிம்மதியோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் நெஞ்சு திக்கென்றது.

சில ஆண்டுகளுக்கு முன் பத்து மாதக் குழந்தை ஒன்றைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கன்னத்தில் இரண்டு பல் பதிந்த துளைகள், உதட்டோரம் ஒரு கிழிசல். தாதி காயத்தைக் கழுவி முடிக்கும்வரை அப்பா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "நல்ல நாய் டாக்டர், ஒரு சத்தம்கூடக் கொடுக்கவில்லை." முன்பு எப்போதாவது உறுமியிருக்கிறதா என்று கேட்டேன். "குட்டியாக இருந்தபோது உறுமும். அடித்து நிறுத்திவிட்டோம்" என்றார். குழந்தை சாப்பாட்டு மேசைக்கடியில் தவழ்ந்து போய், நாயின் முன்கால்களுக்கு நடுவே கிடந்த கிலுகிலுப்பைக்குக் கை நீட்டியிருக்கிறது. குழந்தையின் கிலுகிலுப்பைதான். நாய்க்கு அது எப்படித் தெரியும்?

உறுமல் என்பது நாய் நம்மிடம் 'தள்ளிப் போ' என்று மரியாதையாகச் சொல்வது. அதற்கு முன்பே அது சத்தமில்லாமல் பலவும் சொல்லியிருக்கும். கடித்துக்கொண்டிருந்த வாய் நின்றுவிடும். உடம்பு மரக்கட்டைபோல விறைக்கும். தலை தாழ்ந்து பொருளை மூடிக்கொள்ளும். முகம் அசையாமல் கண் மட்டும் உங்கள் பக்கம் திரும்பும், கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரியும். சில நாய்கள் நீங்கள் நெருங்க நெருங்க அவசர அவசரமாக விழுங்கும். இவற்றை யாரும் கவனிக்காதபோதுதான் உறுமல் வருகிறது. அதையும் அடித்து அடக்கினால் மிஞ்சுவது கடி மட்டும். பொருளை இழந்துவிடுவோம் என்ற பயம் பிளாக்கிக்கு இன்னும் இருக்கிறது. இப்போது உங்கள் கணவரின் கையைப் பற்றிய பயமும் சேர்ந்துகொண்டது.

இன்றிலிருந்து அடி கிடையாது. செய்தித்தாளைச் சுருட்டித் தட்டுவது, வாயைப் பிடித்து அமுக்குவது, துரத்திப் பிடுங்குவது எதுவும் வேண்டாம். அடுத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நான்கு வயது வரை உறுமாத நாய் திடீரென்று உறுமினால் பல்லிலோ காதிலோ இடுப்பிலோ வலி இருக்கலாம். வலியோடு இருக்கும் நாய்க்குப் பாடம் நடத்திப் பயனில்லை. போகிற போக்கில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி அட்டையையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்நோய் 2015-இல் கெடா, பெர்லிஸோடு நம் பினாங்கிலும் தலைகாட்டியது. 2017-இலிருந்து சரவாக்கில் மனித உயிர்களை வாங்கியிருக்கிறது.

பழக்குவதைக் கணவர் செய்யட்டும். இந்த வயிற்றை வைத்துக்கொண்டு நீங்கள் தரையில் குனிய வேண்டாம். அடித்த கையே கொடுக்கிற கையாக மாறுவதும் நல்லது. அவித்த கோழி ஈரலைச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கி ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிளாக்கி தன்னுடைய பழைய பந்து ஒன்றை, பெரிதாகப் பொருட்படுத்தாத பொருளை, வாயில் வைத்திருக்கும்போது எட்டி நின்றபடியே "விடு" என்று சொல்லி ஓர் ஈரல் துண்டை அதன் முன்னால் போட வேண்டும். அது பந்தை விட்டுவிட்டுத் தின்னும். தின்று முடித்ததும் பந்து மறுபடி அதற்கே. பந்தைத் திருப்பிக் கொடுக்காமல் எடுத்துப் போய்விடுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. மனிதர் கை நீண்டால் இழப்பு என்று இதுவரை கற்ற நாய், கை நீண்டால் லாபம் என்று கற்க வேண்டும். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று வேளை போதும்.

இது பல நாள் நன்றாகப் போன பிறகுதான் முயல் பொம்மையின் பக்கம் வர வேண்டும். கழுத்தில் கயிறு இருக்கட்டும், பொம்மை எட்டாத தூரத்தில் கிடக்கட்டும். பார்த்துவிட்டு அதுவாகவே முகத்தைத் திருப்பினால் ஈரல். மற்ற நேரத்தில் குழந்தையின் பொம்மைகள் அனைத்தும் மூடி போட்ட பெட்டிக்குள். பிளாக்கிக்குக் கடிக்க அதற்கென்று கெட்டியான ரப்பர் பொருள் இரண்டு தனியே. பஞ்சடைத்து, அமுக்கினால் கீச்சிடும் பொம்மைகள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் செய்யப்படுகின்றன. நமக்கே கடையில் பிரித்தறிய முடிவதில்லை, அதைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? பாட்டுப் பாடும் பொம்மைகளை மட்டும் தரைக்கே கொண்டுவராதீர்கள். நாய் கடித்து உடைத்தால் உள்ளிருக்கும் பொத்தான் பேட்டரி உருண்டு எங்கேயாவது கிடக்கும். பிற்பாடு தவழ்கிற குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

நேரம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிறந்த குழந்தைக்குப் பொம்மை எதற்கு? கை நீட்டிப் பிடிக்கவே மூன்று நான்கு மாதம் ஆகும். தவழ்வது பொதுவாக ஏழு, எட்டு மாத வாக்கில். உங்கள் கெடு பிரசவ நாள் அல்ல, குழந்தை தவழத் தொடங்கும் நாள். ஆனால் முதல் நாளிலிருந்தே ஒரு விதி உண்டு: பெரியவர் ஒருவர் பார்வையில் இல்லாமல் குழந்தையும் நாயும் ஒரே அறையில் இருக்கக்கூடாது. பால் கலக்கப் போகிற அரை நிமிடத்துக்கும் இது பொருந்தும். அறை வாசலில் இடுப்பளவுத் தடுப்புக் கதவு ஒன்று போட்டுவிட்டால் பத்திய நாள்களில் வீட்டில் நிம்மதி இருக்கும். பிளாக்கிக்கும்தான்.

மாமியார் சொன்னதற்கு வருகிறேன். நீங்கள் கேட்காமல் கேட்டிருப்பதும் அதைத்தானே? நாய் முடியை நினைத்து யாரும் ஐந்து பக்கக் கடிதம் எழுத மாட்டார்கள். இப்போதைக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் அடியை நிறுத்தி, ஈரல் கொடுத்துப் பழக்கிய பிறகும், ஆள் நெருங்குவதற்கு முன்பே விறைத்தாலோ, வாயால் காற்றை 'லபக்'கென்று கவ்வினாலோ, பொம்மை போதாதென்று சோபாவையும் காவல் காக்கத் தொடங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். அடிக்காமல், மின்சாரக் கழுத்துப்பட்டை மாட்டாமல் பழக்கும் பயிற்சியாளரைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு உடனே அழையுங்கள். அவரும் கைவிரித்தால், குழந்தை தவழும் முன்பே பிளாக்கிக்கு வேறு வீடு பாருங்கள். அதில் துரோகம் ஒன்றும் இல்லை. நாத்தனார் வீட்டில் நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுவார்கள் என்றால் அந்த வீடு மட்டும் வேண்டாம்.

எப்போதாவது பல் பட்டுவிட்டால், கீறலாக இருந்தாலும் சரி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சளும் காப்பித்தூளும் அடுக்களையிலேயே இருக்கட்டும்.

இன்று மாலை ஒன்று செய்து பாருங்கள். பிளாக்கி தன் பொருளைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, கணவர் ஆறடி தள்ளி, நிற்காமல், கை நீட்டாமல், அதை உற்றுப் பார்க்காமல் கடந்து போகட்டும். நீங்கள் சோபாவில் உட்கார்ந்து அதன் வாயை மட்டும் கவனியுங்கள். கடிப்பது தொடர்கிறதா, நிற்கிறதா, வேகமாகிறதா? கால்நடை மருத்துவரிடம் போனதும் முதலில் அதைச் சொல்லுங்கள்.